அந்த மான் யார்?

நண்பர்களே,

1611-ல் லண்டனில் தாமஸ் ரேவன்ஸ்கிராஃப்ட் வெளியிட்ட ‘மெலிஸ்மாட்டா’ என்ற பாட்டுப் புத்தகத்தில் ‘மூன்று அண்டங்காக்கைகள்’ என்றொரு கதைப்பாடல் இருக்கிறது. மரத்தில் மூன்று காக்கைகள். காலை உணவுக்கு எங்கே போகலாம் என்று பேசிக்கொள்கின்றன. கீழே பச்சை வயலில், தன் கேடயத்துக்கு அடியில் ஒரு வீரன் செத்துக் கிடக்கிறான். காலடியில் அவனுடைய வேட்டை நாய்கள் காவல் இருக்கின்றன. எந்தப் பறவையும் நெருங்காதபடி அவனுடைய வல்லூறுகள் சுற்றிப் பறக்கின்றன.

அப்புறம் ஒரு பெண்மான் வருகிறது, நிறைமாதச் சூலோடு. ரத்தம் தோய்ந்த அவன் தலையைத் தூக்குகிறது, சிவந்த காயங்களை முத்தமிடுகிறது, அவனை முதுகில் சுமந்துபோய்க் குழியில் புதைக்கிறது. அதிகாலை வழிபாட்டுக்கு முன்பே அடக்கம் முடிந்துவிடுகிறது. மாலை வழிபாட்டு நேரம் வருவதற்குள் மானும் இறந்துவிடுகிறது.

இந்த மான் யார் என்பதில்தான் இத்தனை சர்ச்சையும். அது அவனுடைய கர்ப்பிணிக் காதலி, மான் வெறும் உருவகம் என்பது ஒரு கட்சி. மானுருக் கொண்ட பெண், பழைய மாயக்கதையின் மிச்சம் என்பது இன்னொரு கட்சி. வழிபாட்டு நேரங்களையும் காயங்களையும் வைத்துக் கிறிஸ்தவப் பொருள் சொல்பவர்களும் உண்டு. அந்த வாசிப்பு எனக்கு ஒட்டவில்லை. அந்தக் காலத்து ஊர்வாழ்க்கையில் பொழுதைச் சொல்லவே கோயில் வழிபாடுதானே கணக்கு?

காதலி என்பதற்குச் சான்று பாட்டிலேயே இருக்கிறது. ‘இப்படிப்பட்ட வல்லூறுகளையும் நாய்களையும் காதலியையும் கடவுள் ஒவ்வொரு கனவானுக்கும் தரட்டும்’ என்றுதான் அது முடிகிறது. எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1803-ல் அச்சிட்ட, இதே பாட்டின் ஸ்காட்லாந்து வடிவமும் இதற்குத் துணை. அங்கே நாய் வேட்டைக்குப் போய்விட்டது, வல்லூறும் போய்விட்டது, மூன்றாவதாக அவன் நாயகி வேறொருவனைத் தேடிக்கொண்டாள். மான் வரவேண்டிய இடத்தில் அங்கே நிற்பது பெண்.

சரி, பெண் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்களே, அங்கேதான் எனக்கு ஆதங்கம். பாடியவர் ஏன் அவளை மானாக்கினார்? மான் வந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். அவனுடைய வேட்டை நாய்களுக்கு நடுவே நிற்கிறது! மானைத் துரத்தவே பழக்கிய நாய்கள் அவை. ஓட முடியாத வயிற்றோடு அவற்றுக்குள் இறங்கி வருகிறது, அவை அசையவில்லை. பெண் என்று நேராகச் சொல்லியிருந்தால் இந்தத் துணிச்சல் பாட்டில் வந்திருக்காது. அவளை வெறும் உருவகம் என்று ஒதுக்கும் உரைக்கு அந்த நாய்கள் கண்ணிலேயே படுவதில்லை.