கரை காக்கும் செலவு யார் தலையில்?

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளத் தடுப்புச் செலவை மாநில அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் எவ்வாறு பிரித்துக்கொள்கின்றன என்பதை, இந்தக் கணக்கு நீதிமன்றம் வரை சென்ற அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தைக் கொண்டு இன்று பார்ப்போம்.

அமெரிக்காவின் 1936-ஆம் ஆண்டு வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டுமானச் செலவை மத்திய அரசிடம் விட்டு, நிலம் தருவதையும் பின்னாளைய பராமரிப்பையும் உள்ளூர்த் தரப்பின் கடமையாக்கியது. 1986-இல் உள்ளூர்த் தரப்பும் செலவில் குறைந்தது 25 விழுக்காடு ஏற்க வேண்டும் என்றானது. 1996-இல் அது 35 ஆயிற்று. இந்த 35-இல்தான் மாநிலமும் உள்ளாட்சியும் பங்கு போட வேண்டும். கலிஃபோர்னியா 2000-ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின்படி, அதில் பாதியை மாநிலம் தரும். உயிரினங்களின் வாழிடப் பாதுகாப்பு, பொழுதுபோக்கு வெளி போன்ற பிற பயன்களும் திட்டத்தில் சேர்ந்தால் 70 விழுக்காடு வரை தரும். ஆக, 100 டாலர் திட்டத்தில் உள்ளூர் மக்களின் பங்கு பதினேழரை டாலர்; திட்டம் நன்கு வகுக்கப்பட்டால் பத்தரை டாலர்தான். அந்தப் பத்தரையைத் திரட்டுவதும் எளிதன்று: 1996-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற 218-ஆம் முன்மொழிவுக்குப் பின், அதற்கென வரி விதிக்க வேண்டுமானால் நில உடைமையாளர்களிடையே வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும்.

கட்டும் செலவுக்கு இப்படி விகிதம் உண்டு. உடைந்தால் வரும் செலவுக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. 1986 பிப்ரவரியில் யூபா ஆற்றின் கரை லிண்டா என்னும் ஊரருகே உடைந்தது. தங்கச் சுரங்கக்காரர்கள் மலைகளை நீரைப் பீய்ச்சிக் கரைத்து ஆற்றில் தள்ளிய மணலாலும் சரளையாலும், நெடுங்காலத்துக்கு முன் உள்ளூர்க்காரர்கள் எழுப்பிய கரை அது. மாநிலம் அதைக் கட்டவில்லை. தன் வெள்ளத் தடுப்பு அமைப்பில் சேர்த்துக்கொண்டது, அவ்வளவே. ஆனால், கரையை ஏற்று நீண்டகாலம் பயன்படுத்திய மாநிலமே அதன் குறைபாட்டுக்கும் பொறுப்பு என 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 3,000 பேர் தொடுத்திருந்த அவ்வழக்கு 2005-இல் 46.4 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

என் பார்வையில், இத்தீர்ப்பு வெளிக்கொணர்ந்த முரண் இதுதான்: கரைக்குப் பின்னால் வீடு கட்ட அனுமதி வழங்கி, சொத்து வரி வருவாயைப் பெறுவது நகரமும் கவுண்டியும் (நம் மாவட்டம் போன்ற அமைப்பு), வீடு மூழ்கினால் இழப்பீடு தருவதோ மாநிலம். முடிவெடுக்கும் கை ஒன்றாகவும் பணம் கொடுக்கும் கை வேறாகவும் இருக்கும்போது, தாழ்நிலத்தில் மனைகள் பெருகுவதில் வியப்பில்லை. 2007-இல் கலிஃபோர்னியா இதற்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாநிலக் கரையின் பாதுகாப்பிலுள்ள வெற்று நிலத்தில் நியாயமற்ற முறையில் புதிய கட்டுமானத்தை அனுமதித்து மாநிலத்தின் இழப்பீட்டுப் பொறுப்பைக் கூட்டும் உள்ளாட்சி, வெள்ளச் சேதத்தில் தனக்குரிய பங்கை ஏற்க வேண்டியிருக்கும். ஆயினும் அச்சட்டம் புதிய மனைகளைப் பற்றியது. முன்பே எழுந்துவிட்ட வீடுகளின் சுமை பழையபடி மாநிலத்தின் தலையில்தான் இருக்கிறது.