ஸ்டிக்கரை விடுங்க, மூடியைத் திறங்க

வணக்கம். போன வாரம் ரேடியோ நிலையத்துல இருந்து போன் பண்ணி, கம்மி விலை லேப்டாப் வாங்கறதைப் பத்தி பத்து நிமிஷம் பேசறீங்களான்னு கேட்டப்போ, நான் ஒரு லேப்டாப்போட பிஞ்சுபோன ஹிஞ்சுக்கு, அதாவது மூடியைத் தாங்கற கீலுக்கு, எம்சீல் வெச்சு அமுக்கிப் பிடிச்சிட்டிருந்தேன். கையை எடுக்க முடியல, தோள்ல போனை இடுக்கிக்கிட்டே சரின்னு சொல்லிட்டேன். திருச்சியில சின்னதா ஒரு சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். 2011ல அரசாங்கம் பசங்களுக்கு இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சாங்கல்ல, ஒரே மிஷின்ல விண்டோஸும் இருக்கும், அது மாதிரியே இன்னொரு சிஸ்டமான பாஸ் லினக்ஸும் இருக்கும், அந்த மிஷின்கள் வாரண்டி முடிஞ்சு என்கிட்ட வந்ததுலதான் நான் தொழிலே கத்துக்கிட்டேன். உடைஞ்சு வந்ததைப் பிரிச்சுப் பாத்தே பழகுனவன், அதனால பேச்சு கொஞ்சம் கசப்பா இருந்தா பொறுத்துக்கங்க.

லேப்டாப் வாங்கப் போறேன்னு வர்றவங்க கேக்கற முதல் கேள்வி எப்பவும் "அண்ணே, ஐ3 வாங்கவா ஐ5 வாங்கவா"தான். அது ரெண்டும் மிஷினுக்கு மூளை மாதிரி இருக்கற புராசஸரோட பேரு, இன்டெல் கம்பெனியோடது. லெட்டர் அடிக்க, பில் போட, பசங்க ஆன்லைன் கிளாஸ் பாக்க, யூட்யூப், பேங்க் வேலை, இவ்வளவுதான்னா அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைங்க. பின்னாடி மாத்திக்க முடிஞ்சது எது, மாத்தவே முடியாதது எது, அதை முதல்ல பிரிச்சுக்கணும். பேட்டரி தேஞ்சா மாத்தலாம், ஃபைல் எல்லாம் சேத்து வைக்கற எஸ்எஸ்டி பத்தலைன்னா பெருசு போடலாம். ஆனா போர்டுலயே சால்டர் பண்ணி ஒட்டுன ரேம் (திறந்து வெச்ச வேலையையெல்லாம் தாங்கற மெமரி), வெளுத்துப்போன ஸ்கிரீன், மெல்லிசு பிளாஸ்டிக் பாடி இதெல்லாம் வாங்குன அன்னிக்கு எப்படியோ அப்படியேதான். ஸ்கிரீனை மாத்தலாம்தான், நான் சொல்ற பில்லைக் கேட்டுட்டு பாதி பேர் மிஷினை எடுத்துட்டுப் போயிடுவாங்க.

என் அக்கா பொண்ணு காலேஜ் சேந்தப்போ என்னைக் கேக்காமலே ஆஃபர்ல ஒண்ணு வாங்கிட்டா. மாமாவுக்குன்னு ஒரு கடை இருக்கு, மாமாகிட்ட கேக்கணும்னு தோணல பாருங்க, அதை விடுங்க. பாக்க ரொம்ப அழகு, எடையும் இல்ல, விலையும் இருபதாயிரத்துக்குக் கீழ. உள்ள என்னன்னா 4 ஜிபி ரேம், அதுவும் போர்டோட ஒட்டுனது, 64 ஜிபி இஎம்எம்சி. இந்த இஎம்எம்சிங்கறது கம்மி விலை போன்ல வர்ற மாதிரி, ஃபைல் சேத்து வைக்கற ஒரு சிப்பு, அதுவும் போர்டுலயே ஒட்டியிருக்கும், கழட்டி வேற போட முடியாது, வேகமும் என்விஎம்இங்கற வேகமான வகை எஸ்எஸ்டிகிட்ட கிட்டக்கூட நிக்காது. விண்டோஸ் 11க்கு வேணுங்கற குறைஞ்சபட்ச கணக்கு என்ன தெரியுமா, இதே 4 ஜிபி, இதே 64 ஜிபி. பெட்டியில போட்டது பொய்யே இல்ல. ஆனா அது பாஸ் மார்க் 35 மாதிரி. ஆறு மாசத்துல அப்டேட்டுக்கு இடம் பத்தலைன்னு மெசேஜ், பிரவுசர்ல நாலு டேப் திறந்தா மௌஸ் நகர மாட்டேங்குது, புராஜெக்ட் சமர்ப்பிக்கற அன்னிக்கு ராத்திரி அவ அழுதுட்டே என் கடைக்கு வந்து என் மிஷின்ல உக்காந்து முடிச்சா.

அதனால 8 ஜிபி ரேமுக்குக் கீழ வேணாம், எஸ்எஸ்டி 256க்குக் கீழ வேணாம். 256ன்னு வாங்கிட்டு உள்ள 238ன்னு காட்டுதே, ஏமாத்திட்டாங்கன்னு மாசத்துக்கு ஒருத்தராவது வருவாங்க. அது ஏமாத்து இல்லைங்க, கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024, 1024ஆ எண்ணுது, அவ்வளவுதான்.

கடையில டெமோ மிஷின் வெச்சிருப்பாங்க, கூச்சப்படாம கை வைங்க. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ்னு ஒரு பக்கம், அதுல மெமரியைத் தொட்டீங்கன்னா ரேம் செருகற ஸ்லாட்டு எத்தனை, அதுல எத்தனை நிரம்பியிருக்குன்னு காட்டும். ரெண்டு ஸ்லாட்ல ஒண்ணு காலின்னா சந்தோஷம், பின்னாடி இன்னொரு 8 போட்டுக்கலாம், கிராபிக்ஸும் கொஞ்சம் சுறுசுறுப்பாகும். ஃபார்ம் ஃபேக்டர்ங்கற இடத்துல 'ரோ ஆஃப் சிப்ஸ்'னு இருந்தா ஒட்டுன ரேம்னு அர்த்தம், அப்போ உள்ள இருக்கறதுதான் ஆயுசுக்கும். 2025 கடைசியில இருந்து ரேம் விலை ஏறுன ஏத்தம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், பெரிய பெரிய ஏஐ டேட்டா சென்டர்காரங்க அள்ளிட்டுப் போறாங்க, அதனால அப்புறம் போட்டுக்கலாம்ங்கற கணக்கையும் இப்போ கொஞ்சம் யோசிச்சுத்தான் போடணும்.

சரி, புராசஸரை விட்டுட்டா சண்டைக்கு வருவீங்க. ஐ3ங்கற பேரை மட்டும் பாக்காதீங்க, பின்னாடி வர்ற நம்பரைப் பாருங்க. 2022ல வந்த ஐ3 1215யூவுல ஆறு கோர் இருக்கு, கோர்ங்கறது வேலை செய்யற கை மாதிரி, வீட்டு வேலைக்குத் தாராளம். இன்டெலுக்குப் போட்டி கம்பெனி ஏஎம்டியில ரைசன் 5 7520யூன்னு ஒண்ணு வரும். முதல் நம்பர் 7ங்கறது 2023ஆம் வருஷ வரிசை, ஆனா மூணாவது நம்பர் 2ன்னா உள்ள இருக்கறது ஜென் 2, அது 2019ல வந்த டிசைன். புதுப்படத்துக்குப் பழைய கதை மாதிரி. மோசம்னு சொல்லல, வேலை பண்ணும், பேரைப் பாத்து அதிக விலை குடுக்காதீங்க, அவ்வளவுதான். இன்டெலோட மலிவு வகை செலரான்ல என்4020 மாதிரி ரெண்டே கோர் உள்ளதை இன்னும் சில பேர் புதுசுன்னு விக்கறாங்க, அந்தப் பக்கம் போகாதீங்க. இன்டெல் என்100னா நாலு கோர், லெட்டர் அடிக்கவும் வீடியோ பாக்கவும் போதும், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

இப்போ ஸ்கிரீன். எதிர்ல நேரா உக்காந்து பாத்தா எல்லா ஸ்கிரீனும் நல்லாத்தான் இருக்கும். மூஞ்சி தெரியற ஒரு போட்டோவைத் திறந்து வெச்சுட்டு எழுந்து நில்லுங்க, மூடியைக் கொஞ்சம் பின்னாடி சாய்ங்க, முன்னாடி சாய்ங்க. மூஞ்சி கறுத்து, நெகட்டிவ் பிலிம் மாதிரி மாறுச்சுன்னா அது டிஎன் பேனல், வேணாம். ஐபிஎஸ்ங்கற வகை பேனல்னா எங்க நின்னு பாத்தாலும் கலர் அப்படியே நிக்கும். வெளிச்சம் 250 நிட்ஸ்னு போட்டிருப்பாங்க, ரூமுக்குள்ள போதும், நம்ம ஊர் வெயிலுக்கு ஜன்னலோரமா உக்காந்தீங்கன்னா உங்க மூஞ்சிதான் அதுல தெரியும்.

ஹிஞ்சு. இதைப் பத்தித்தான் நான் ரேடியோவுக்கே வந்தேன்னு வெச்சுக்கங்க. என் மேஜைக்கு வர்ற கம்மி விலை மிஷின்கள்ல பாதிக்குப் பாதி இந்தக் கேஸ்தான். மூடியைத் தாங்கற கீல் இரும்பு, அது போய் ஸ்க்ரூ ஏறி நிக்கறது பிளாஸ்டிக்குக்குள்ள அமுக்கி வெச்ச சின்னச் சின்ன பித்தளை நட்டுல. நாளாக ஆகக் கீல் இறுகும், இறுகுன கீலை நாம தினமும் ஒரு மூலையைப் பிடிச்சு வெடுக்குன்னு தூக்குவோம், ஒரு நாள் பிளாஸ்டிக் நட்டோட பேந்து வந்துடும், ஸ்கிரீன் ஃபிரேம் வாயைப் பிளக்கும், கூடவே டிஸ்பிளே கேபிளும் சில சமயம் அறுந்துபோகும். எம்சீல் வெக்கறது வைத்தியம் இல்லைங்க, கட்டுப் போடறது மாதிரிதான். கடையில மூடியை மெதுவா திறந்து மூடிப் பாருங்க, கீழ் ஓரத்துல பிளாஸ்டிக் பிரியுதா, விரலால கீபோர்டு நடுவுல அமுக்குனா பள்ளமா உள்ள போகுதான்னு பாருங்க. வாங்குன அப்புறம் மேல் ஓரத்துல நடுவுல பிடிச்சுத் திறக்கப் பழகுங்க, பசங்களுக்கும் சொல்லிக்குடுங்க. தமிழ் டைப் பண்றவங்க நாலு வரி அடிச்சும் பாருங்க, விண்டோஸ்லயே தமிழ்99 இருக்கு, எதையும் இறக்க வேணாம்.

பேட்டரிக்குப் பத்து மணி நேரம்னு எழுதியிருந்தா நம்பாம வாட் அவர், அதாவது பேட்டரியோட கொள்ளளவு, எவ்வளவுன்னு பாருங்க. 42 வாட் அவர் பேட்டரி, நீங்க பண்ற வேலைக்கு மிஷின் 7 வாட் இழுக்குதுன்னா ஆறு மணி நேரம், வகுத்தா வந்துடும். வீடியோ கால்ல உக்காந்தா இன்னும் குறையும்.

முப்பதாயிரம்கூட முடியாதுங்கறவங்களுக்கு நான் சொல்றது, புதுசுல மட்டமானதை வாங்கறதைவிட பழைய ஆபீஸ் மிஷின் வாங்குங்க. திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் மாதிரி கம்பெனிகளுக்குன்னே செஞ்சது, கீபோர்டும் கீலும் அடிச்சாலும் அசையாது. ஆனா இன்டெல் புராசஸர்னா எட்டாவது ஜெனரேஷன், அதாவது எட்டாவது தலைமுறையாவது இருக்கணும், ஏன்னா 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் நிறுத்தியாச்சு, அதுக்கு முந்துன ஜெனரேஷன்ல ஏறக்குறைய எதையுமே 11க்கு முறையா ஏத்துக்க மாட்டாங்க. ஐ7ன்னு ஸ்டிக்கர் ஒட்டி மூணாவது ஜெனரேஷனைத் தலையில கட்டுவாங்க, பாத்துக்கங்க. விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே ஓடற பயாஸுக்கு பாஸ்வேர்டு போட்டிருக்கா, பழைய கம்பெனியோட லாக் இன்னும் இருக்கான்னு ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, எழுதிக்கங்க, பவர்னு இங்கிலீஷ்ல அஞ்சு எழுத்து, அதோட ஒட்டி சி எஃப் ஜி, ஒரு ஸ்பேஸ், ஒரு ஸ்லாஷ், அப்புறம் பேட்டரி ரிப்போர்ட், அது ரெண்டும் ஒட்டியே அடிக்கணும். அது ஒரு ஃபைல் எழுதி வைக்கும், அதைத் திறந்தா பேட்டரி பொறந்தப்போ எவ்வளவு, இப்போ எவ்வளவுன்னு ரெண்டு நம்பர் இருக்கும். பாதிக்குக் கீழ போயிருந்தா புது பேட்டரி காசை விலையில கழிச்சுட்டுப் பேசுங்க.

அக்கா பொண்ணோட அந்த லேப்டாப் இன்னும் இருக்கு. ஒரு லேசான லினக்ஸ் போட்டுக் குடுத்துட்டேன், எங்க மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், மளிகைக் கடையில பாட்டு கேக்க வெச்சிருக்கார். கீல் போன மாசம் பேந்துடுச்சு. மூடியைச் செவுத்துல சாச்சு வெச்சுட்டார், பாட்டுக்கு என்ன, ஓடுது.