லேசரும் கிடாரமும்
(மட்டக்களப்பில் விஞ்ஞான மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, எத்தனையோ கூட்டங்களுக்கு நடுவிலும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, வந்தாறுமூலையிலிருந்து வந்திருக்கும் கிழக்குப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களே, அதிபர்மாரே, என்னோடு பஸ் ஏறி வந்த, எங்கள் ஊர்க் கோயில் நிருவாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே! பின்னால் நிற்கிற பிள்ளைகள் முன்னே வாருங்கள், இங்கே கதிரை சும்மா கிடக்கிறது. பொன்னாடை போர்த்தியவர்களுக்கு நன்றி. இந்தக் கச்சான் வெக்கையில் அதை மடித்து மேசையில் வைத்துவிட்டேன், கோபிக்கக் கூடாது.

லேசர் பட்ட உலோகத்தில் எழும் பிளாஸ்மாவைச் சுற்றியுள்ள வாயு என்ன செய்கிறது என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. மூன்று விடயம் சொல்லப்போகிறேன். வாயு எது, அமுக்கம் எவ்வளவு, இதை வைத்து நமது வாவிச் சேற்றில் உள்ள உலோகங்களை அறியலாமா. எங்கள் அம்மம்மா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் எதற்கெடுத்தாலும் ஒன்று சொல்வார்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. இன்றைய பேச்சுக்கும் அதுவே முதல் வரி.

ஓர் அலுமினியத் துண்டின் மீது சில நனோ செக்கனே நீடிக்கும் லேசர்த் துடிப்பைக் குவியுங்கள். ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நனோ செக்கன். அந்தப் புள்ளியில் உலோகம் ஆவியாகி, அணுக்கள் இலத்திரன்களை இழந்து, 10,000 கெல்வினையும் தாண்டிய வெப்பநிலையில் ஒளிர்கிறது. அதுதான் பிளாஸ்மா. அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், அதில் விழும் கோடுகளை வைத்து உள்ளே என்ன மூலகம் இருக்கிறதென்று தெரிந்துவிடும். ஆனால் அதே லேசர், அதே அலுமினியம், சுற்றியிருக்கும் வாயுவை மட்டும் மாற்றினால் ஒளியும் மாறிவிடும். இது நம்பக் கஷ்டமாக இருக்கும். அதனால் ஒரு கதை.

எங்கள் கண்ணகி அம்மன் வைகாசிச் சடங்குக்கு முன்னால் பொங்கல் கிடாரத்தில் வெடிப்பு விழுந்துவிட்டது. பெரிய அலுமினியக் கிடாரம். பூசை செய்யும் கப்புகனார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வண்ணக்கர் ஐயா, நான், இன்னும் நாலு பேர் உழவு மெசின் பெட்டியில் அதை ஏற்றிக்கொண்டு ஆகன் வாயுவை ஊதிக் காற்றை விலக்கி ஒட்டும் ஆகன் வெல்டிங் கடைக்குப் போனோம். கடைக்குள் தகரக் கூரை, தாங்க முடியாத சூடு. வண்ணக்கர் ஐயா அங்கே நின்ற பெரிய மின்விசிறியை இழுத்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பின்னால்தான் கிடாரம். பொடியன் முகமூடியைப் போட்டு வேலையைத் தொடங்கினான். முடித்துப் பார்த்தால் ஒட்டெல்லாம் கரி பிடித்த கறுப்பு. தண்ணீர் ஊற்றினோம். ஊசித் துவாரங்களால் பீச்சியடித்தது.

"என்ன மனே இது, கிடாரமா அரிதட்டா?" என்று வண்ணக்கர் ஐயா பாய்ந்தார்.

பொடியன் முகமூடியைக் கழற்றி, "ஐயா, முதல்ல அந்தப் பேன நிப்பாட்டுங்க. உங்களுக்குக் காத்து வந்தா கிடாரத்துக்கு ஆகன் இல்ல" என்றான்.

ஐயா சிரிக்கிறார், பாருங்கள்! மின்விசிறியை நிறுத்தி, கறுப்பைச் சுரண்டி எறிந்து மறுபடி ஒட்டினான். அந்த முறை வெள்ளி மாதிரி வந்தது. சடங்கில் அதே கிடாரத்தில்தான் பொங்கினோம். வியர்வையில் நனைந்த ஐயாவின் சால்வையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அங்கே மின்வில், இங்கே லேசர். இரண்டிலும் எழுவது பிளாஸ்மாதான். சாதாரணக் காற்றில் ஒட்சிசன் வந்து சூடான அலுமினியத்தோடு சேர்ந்துவிடும். நிறமாலையிலும் அலுமினிய ஒட்சைட்டின் பட்டைகள் தெரியும். ஆகன் சேராது. அதன் அணு ஈலியத்தைவிடப் பத்து மடங்கு பாரம், வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். ஆகவே ஆகனுக்குள் பிளாஸ்மா கூடிய சூட்டோடு, கூடிய நேரம் ஒளிரும். ஈலியமோ சூட்டைச் சடுதியில் கொண்டுபோய்விடும். ஒளி குறையும், ஆனால் பின்னணி வெளிச்சமும் குறைவதால் கோடுகள் துப்புரவாகத் தெரியும்.

அடுத்தது அமுக்கம். வெற்றிடத்தில் பிளாஸ்மாவைத் தடுக்க யாருமில்லை. விரிந்து, குளிர்ந்து, சட்டென்று மங்கிவிடும். நாம் மூச்சுவிடும் 1013 மில்லிபாரில் காற்று அதை நெருக்கிப் பிடிக்கும். அதிர்வலை கிளம்பும், இலத்திரன்கள் செறிந்து நிறமாலைக் கோடுகள் தடித்துப்போகும். பிளாஸ்மாவே லேசருக்குக் குறுக்கே நின்று, மிச்ச ஒளி உலோகத்தைத் தொடாமல் விழுங்கவும் செய்யும். இரண்டுக்கும் இடையில் எங்கோ ஒரு நல்ல அமுக்கம் இருக்கும். அது எங்கே என்பது உலோகத்தையும் வாயுவையும் லேசரையும் பொறுத்தது. அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியோசிட்டி ஊர்தி ஏழு மீற்றர் தூரம்வரை உள்ள பாறைகளை லேசரால் சுடுகிறது. அங்கே காற்று பெரும்பாலும் காபனீரொட்சைட்டு, அமுக்கம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் அந்தக் கருவியை அனுப்புமுன் பூமியிலேயே ஒரு கலத்துக்குள் செவ்வாயின் அமுக்கத்தை உண்டாக்கித்தான் அளவுதிருத்தம் செய்தார்கள். 2023இல் சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி காற்றே இல்லாத நிலவில் இதே முறையால் கந்தகத்தைக் கண்டது.

பணிப்பாளர் ஐயா, இப்போது உங்களிடம் வருகிறேன். செவ்வாயின் அமுக்கத்தை உண்டாக்கத் தேவையானது காற்றை உறிஞ்சி எடுக்கும் ஒரு வெற்றிடப் பம்பி. அதுவே நமது பிள்ளைகளிடம் இல்லை. கண்ணாடிச் சாடிக்குள் மின்மணி, காற்றை எடுக்க எடுக்க ஒலி குறையும் என்று எழுதிப் புள்ளி வாங்குகிறார்கள். மணி அடங்கியதைக் காதால் கேட்ட பிள்ளை எத்தனை? டியூஷன் கொட்டிலில் அதை எப்படிக் கேட்பது? காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் துறவியாகுமுன் விஞ்ஞானம் கற்பித்தவர். அந்த மண்ணில் ஆய்வுகூட அலுமாரிகளுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். நான் லேசர் கேட்கவில்லை. மாவட்டத்தில் கல்வி வலயம் ஐந்து. வலயத்துக்கு ஒரு பம்பி, ஓர் அமுக்கமானி, அதைப் பாடசாலை பாடசாலையாகக் கொண்டுபோக ஒரு முச்சக்கர வண்டி. அமுக்கமானி இல்லாமல் பம்பியை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அம்மம்மா சொன்னதை மறக்கக் கூடாது.

வாவிச் சேறு பற்றியும் பேச இருந்தேன். நேரம் முடிந்ததென்று தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். சரி, பம்பி கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனையும் இருக்கிறது. தேநீருக்குப் போகுமுன் எல்லோரும் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள். முதல் கையெழுத்து வண்ணக்கர் ஐயாவுடையது.