ஒய்யாரக் கொண்டையும் நான்கு சொற்களும்

தலைமை தாங்கும் பேராயர் அவர்களே, அவருக்கு அருகில் அமர்ந்து என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கணக்கிட்டுக்கொண்டிருக்கும் பேராயரின் துணைவியார் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் ஐயா அவர்களே, மூத்த போதகர்களே, மூப்பர்களே, மகளிர் ஐக்கியத் தலைவி அவர்களே, பாடகர் குழுவினரே, கம்பத்தின் பின்னால் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொண்டிருக்கும் தம்பியே (உன்னைக் கடைசியில் ஒரு காரியம் கேட்கப்போகிறேன், எங்கும் போய்விடாதே), கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எளிமையைப் பற்றிப் பேச வந்தவன் அழைப்பிதழ் முழுவதையும் வாசிக்கிறானே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. ஒருவர் பெயர் விட்டுப்போனால் அடுத்த ஆண்டு எனக்கு அழைப்பு வராது. அறிமுகவுரையில் பேராயர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காக அவருக்குத் தனியே நன்றி சொல்கிறேன். நீதியரசர் ஐயாவின் முன்னால் பேசும்போது சாட்சிக் கூண்டில் நிற்பதுபோலத்தான் இருக்கிறது. ஆகவே உண்மையே பேசுகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘கபடற்ற விசுவாசம், எளிய ஆராதனை’. இதை நான்காகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்: ஜெபம், பாட்டு, கட்டடம், பதவி. நேரம் இடம் கொடுத்தால் நான்கையும் பார்க்கலாம்.

முதலில் ஒரு பழமொழி. இதை மேடையில் சொல்லக்கூடாது என்று என் மனைவி வீட்டு வாசலிலேயே எச்சரித்து அனுப்பினாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருப்பது ஈரும் பேனுமாம்.’ சிரிக்கிறீர்கள். இதையேதான் நம் ஆண்டவர் வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகள் என்று சொன்னார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபம், 11ஆம் அதிகாரம், 3ஆம் வசனம். சர்ப்பம் ஏவாளை வஞ்சித்ததுபோல உங்கள் மனதும் கெடுக்கப்படுமோ என்று அஞ்சுகிறேன் என்கிறார். எதிலிருந்து விலகிக் கெடும்? நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘கிறிஸ்துவைப்பற்றிய உண்மையினின்று’ என்று இருக்கிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘ஹப்லொட்டேஸ்’. அதன் வேரில் நிற்கும் சொல்லுக்கு ஒற்றையானது, இரட்டையாக இல்லாதது என்று பொருள். அதே வேரில் பிறந்த சொல்லைத்தான் மலைப்பிரசங்கத்தில் ‘உன் கண் தெளிவாயிருந்தால்’ என்று படிக்கிறோம். எளிமை என்றவுடன் நமக்குக் கந்தல் துணியும் ஓலைக் கூரையும் நினைவுக்கு வருகின்றன. அது வறுமை. பவுல் சொல்வது அதுவல்ல. உள்ளே ஒருவன், வெளியே ஒருவன் என்று இரண்டு பேராக இல்லாமல் ஒருவனாக இருப்பதைச் சொல்கிறார். பட்டு உடுத்தியவரும் ஒற்றையாக இருக்கலாம், கந்தல் கட்டியவரும் இரட்டையாக இருக்கலாம்.

இந்த இரட்டைத்தனம் எங்கே அதிகம் வெளிப்படுகிறது தெரியுமா? ஜெபத்தில்தான்.

என்னையே சொல்கிறேன். இளவயதில் என்னிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. மற்றவர்கள் ஜெபத்தில் பயன்படுத்தும் அழகான சொற்றொடர்களை எழுதிவைத்துக்கொள்வேன். ‘கேருபீன்கள் மத்தியில் வாசம்பண்ணுகிறவரே’ என்று தொடங்கினால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்; அதை முதல் பக்கத்தில் வைத்திருந்தேன். எங்கே குரலைத் தாழ்த்தவேண்டும், எங்கே தழுதழுக்கவேண்டும் என்பதற்குக்கூட ஓரத்தில் அடையாளம் போட்டிருந்தேன். ஒருநாள் கூட்டத்தில் அந்த அடையாளம் போட்ட இடத்தில் சரியாகத் தழுதழுத்தேன். ஆமென் சொல்லி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையைப் பிடித்து, ‘தம்பி, அருமையாக இருந்தது’ என்றார். ஒரு வாரம் அந்தப் பாராட்டிலேயே மிதந்தேன். ஆண்டவரிடம் என்ன கேட்டேன் என்பது மட்டும் அன்று மாலையே மறந்துவிட்டது. ஒய்யாரக் கொண்டை, தாழம்பூ. மீதியை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. ‘ஆண்டவரே, வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நடக்கவிருக்கும் வாலிபர் கூட்டத்தை நீர் அறிந்திருக்கிறீர்.’ அவர் அறிந்திருக்கிறார் ஐயா! அறியாதவர்கள் வாலிபர்கள்தான். அவர்களுக்குச் சொல்லவேண்டியதை ஏன் பரலோகத்தின் வழியாக அனுப்புகிறீர்கள்? வேறு சிலர் ஜெபத்திலேயே பிரசங்கத்தைச் சுருக்கிச் சொல்வார்கள். இன்னும் சிலர் கண்ணை மூடிக்கொண்டே செயற்குழுவில் தங்களுக்கு எதிராக வாக்களித்தவர்களைத் திருத்துவார்கள். கேட்பவர் ஒருவர் என்று சொல்லிக்கொண்டு, பேசுவது பின்வரிசைக்கு.

ஆண்டவர் சொன்ன உவமையில் வரும் பரிசேயன், மதக் கட்டளைகளைக் கண்டிப்பாகக் கைக்கொள்பவன், அவன் ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பொய் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு முறை உபவாசம் இருந்திருப்பான், தசமபாகமும் கொடுத்திருப்பான். ஸ்தோத்திரம் சொல்லித்தான் தொடங்குகிறான்! ஆனால் ஒரு கண் தூரத்தில் நின்ற ஆயக்காரன்மேல், அந்த வரி வசூலிப்பவன்மேல், இருந்தது. ஆயக்காரன் ஜெபம் தமிழில் நான்கே சொற்கள்: ‘தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.’ இந்த நான்கு சொற்களை எந்தக் குறிப்பேட்டிலும் எழுதிவைக்கவேண்டியதில்லை.

இப்போது ஒரு கதை சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பேராயர் பொறுத்துக்கொள்ளவேண்டும். கதை அல்ல, நடந்தது.

விட்டன்பர்க் நகரத்தில் மார்ட்டின் லூத்தருக்கு முடி திருத்தி வந்தவர் பேத்தர் பெஸ்கன்டார்ஃப். இருவரும் நெடுநாள் நண்பர்கள். எப்படி ஜெபிப்பது என்று அவர் லூத்தரிடம் கேட்டார். கேட்ட ஆள் யார், பதில் சொல்பவர் யார் என்று பாருங்கள்! பேராசிரியர், ஐரோப்பாவையே கலக்கியவர், திருச்சபை வரலாற்றைத் திருப்பிப்போட்டவர். ‘வேலையைப் பாருங்கள், பிறகு பேசுவோம்’ என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லாமல், அவருக்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். அது 1535இல் அச்சானது. அதில் என்ன இருக்கிறது? பரமண்டல ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம். ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்தவை. ஒவ்வொரு வரியாக எடுத்து, நிதானமாக மனதில் ஊறவிட்டு ஜெபி என்கிறார். பரமண்டல ஜெபத்தைத் தானே இன்னும் குழந்தை பால் குடிப்பதுபோலக் குடிப்பதாகவும், இன்னும் தெவிட்டவில்லை என்றும் எழுதுகிறார்.

பிறகு அந்த நண்பரின் தொழிலையே எடுத்துக்காட்டாக வைக்கிறார். நல்ல முடிதிருத்துபவர் தன் நினைவையும் கண்ணையும் கத்தியின்மேலும் முடியின்மேலும் வைத்திருப்பார். எதுவரை மழித்தோம் என்பதை மறக்கமாட்டார். வாய் ஓயாமல் பேசி, நினைவை எங்கோ அலையவிட்டால் வாயையும் மூக்கையும், ஏன், கழுத்தையே அறுத்துவிட நேரும். எந்த வேலைக்கும் முழு மனிதன் வேண்டும் என்றால் ஜெபத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறார். மனம் அலையும் ஒரு குருவையும் அதே நூலில் காட்டுகிறார். அந்தக் குரு சங்கீதம் ஓதுகிறார்: ‘தேவனே, என்னை விடுவியும்... ஏய், குதிரையை அவிழ்த்துவிட்டாயா? கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்... பெண்ணே, போய்ப் பால் கற!’ ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு ஆகிவிட்டது. குதிரை போய்க் கைப்பேசி வந்ததைத் தவிர வேறு மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

இங்கேயே நிறுத்தினால் நல்ல கதை. நீதியரசர் இருக்கிறார், முழுவதையும் சொல்லியாகவேண்டும். அதே 1535ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய நாள், பேத்தர் தன் மருமகன் வீட்டில் இருந்தார். மது உள்ளே போயிருந்தது. மருமகன் போர்வீரன். என் உடம்பில் எந்த ஆயுதமும் இறங்காது என்று பெருமை பேசினான். பேத்தர் கத்தியை எடுத்துக் குத்திவிட்டார். மருமகன் இறந்துபோனான். கத்தியின்மேல் கண் வை என்று யாருக்கு எழுதப்பட்டதோ, அந்தக் கையே இதைச் செய்தது. லூத்தரும் மற்றவர்களும் பரிந்து பேசியதால் மரண தண்டனை தப்பியது. நண்பர் உடைமைகளை இழந்து ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்.

‘பார்த்தாயா, எளிய ஜெபம் ஒன்றும் செய்யவில்லை’ என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். நான் அப்படிப் படிக்கவில்லை. ஜெபம் தாயத்து அல்ல. கட்டிக்கொண்டால் கத்தி தானாக விலகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எந்த ஆயுதமும் இறங்காது என்ற மந்திரப் பேச்சு அந்த மருமகனுடையது. ‘பேத்தருக்கு’ என்று எழுதப்பட்ட நூல், பேத்தர் கொலைகாரரான பிறகும் அவர் பெயரோடுதான் நிற்கிறது. கொண்டை கலைந்து ஈரும் பேனும் வெளியே தெரிந்த பிறகும் ஒருவர் சொல்லத்தக்க ஜெபம் ஒன்று வேண்டாமா? கேருபீன்களோடு தொடங்கும் என் குறிப்பேட்டில் அது இல்லை. அந்த ஆயக்காரனிடம் இருக்கிறது.

இரண்டாவது, பாட்டு. பாடகர் குழு பக்கத்திலேயே இருப்பதால் இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். கி.பி. 112 வாக்கில் பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதினார். இந்தக் கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணி மாறி மாறிப் பாடுகிறார்கள். திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், சொன்ன சொல் தவறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள் என்று தெரிவித்தார். விசாரித்த அதிகாரிக்குப் பாட்டும் தெரிந்தது, பாடியவர்களின் கை எப்படி இருக்கவேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள் என்பதும் தெரிந்தது. இன்று யாராவது நம்மை விசாரித்தால் என்ன எழுதுவார்? இதற்குமேல் சொன்னால் பாடகர் குழு என்னோடு பேசாது.

மூன்றாவது கட்டடம். கட்டட நிதிக் குழுவினர் முதல் வரிசையில் இருக்கிறார்கள். கிளேர்வோவின் பெர்நார்து என்ற துறவி பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே, சபை தன் சுவர்களில் மின்னுகிறது, தன் ஏழைகளில் வாடுகிறது என்று எழுதிவிட்டார் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

ஏனென்றால் நான் உண்மையில் பேச வந்தது வேறு. என்னை அறிந்தவர்களுக்கு அது எது என்று தெரியும்; பேராயர் புன்னகைக்கிறார். ஒன்பது ஆண்டுகளாக நான் கேட்டுவருவது ஒன்றே: ஒவ்வொரு ஆராதனையிலும் பிரசங்கம் முடிந்தவுடன் ஐந்து நிமிட மௌனம். பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை, ‘இப்போது நாம் அமைதியாக இருப்போம்’ என்று மூன்று முறை சொல்லும் அறிவிப்பாளரும் இல்லை. பதினொரு மனுக்கள் கொடுத்திருக்கிறேன். ஒரு குழு மட்டும் ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் எழுதியது. அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஏன் மௌனம்? அங்கே இரண்டாவது கேட்பவர் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் மெச்சமுடியாது, பின்வரிசை கேட்கமுடியாது. இரட்டையாக இருப்பதற்கு வழியே இல்லை. ‘நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்’ என்ற வசனத்தை நாம் உரத்த குரலில்தான் படிக்கிறோம்! அன்னாள் ஆலயத்தில் சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். மௌனத்தைப் புரிந்துகொள்வதில் குருமார்களுக்கு அன்றுமுதலே சற்றுச் சிரமம் இருக்கிறது. மேடையில் உள்ளவர்கள் மன்னிக்கவேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மௌனத்தையே ஆராதனையாக வைத்துக்கொண்டார்கள். நான் அவ்வளவு கேட்கவில்லை. ஐந்து நிமிடம்தான் கேட்கிறேன்.

குழந்தைகள் அழுமே என்கிறார்கள். அழட்டும், அந்த நேரத்தில் கபடமில்லாமல் ஜெபிப்பவர்கள் அவர்கள் மட்டுமாகவும் இருக்கலாம். பெரியவர்கள் தூங்கிவிடுவார்களே என்கிறார்கள். பிரசங்கத்தில் தூங்கியவர்கள் மௌனத்தில் திடுக்கிட்டு விழித்துக்கொள்வார்கள், நான் பார்த்திருக்கிறேன். மௌனமும் ஒருநாள் ஒய்யாரக் கொண்டை ஆகிவிடாதா என்று ஒரு போதகர் கேட்டார். ஆகலாம். ‘எவ்வளவு ஆழமாக மௌனமாக இருக்கிறார், பாருங்கள்’ என்று ஒருவரை ஒருவர் மெச்சத் தொடங்கும் நாளில் நானே வந்து அதை எடுத்துவிடச் சொல்கிறேன். முதலில் தொடங்கிப் பார்ப்போம்.

நான்காவது செய்தியான பதவியைப் பற்றிப் பேச நேரமில்லை. மேடையில் இத்தனை பேர் அமர்ந்திருக்கும்போது நேரமில்லாமல் போனதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பன்னிரண்டாவது மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன். போகும்போது கையெழுத்திடுங்கள். பேராயர் அவர்கள் முதல் கையெழுத்திட்டால் மற்றவர்களுக்கு வசதியாக இருக்கும். நன்றியுரை சொல்லவிருக்கும் செயலர் ஐயா ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

தம்பி, அந்த ஒலிபெருக்கியை நிறுத்திவிடு.