ஏழு நிமிட ருசி

நேயர்களுக்கு வணக்கம். மெக்டொனால்ட்ஸ், கேஎஃப்சி, பர்கர் கிங் போன்ற சங்கிலிக் கடைகளின் தரத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பர்கரையும் கோழியையும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் பிரெஞ்ச் ஃப்ரைஸைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். பர்கரில் ஏதாவது குறை இருந்தால் சாஸும் சீஸும் மூடிவிடும். ஃப்ரைஸில் உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்பு, நேரம் என்ற நாலைத் தவிர ஒன்றுமில்லை. எது பிசகினாலும் நாக்குக்கு உடனே தெரிந்துவிடும்.

கிழங்கிலிருந்து தொடங்குவோம். மெக்டொனால்ட்ஸைப் பெரிய சங்கிலிக் கடையாக வளர்த்த ரே கிராக், 1955-ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் டெஸ் பிளெயின்ஸ் என்ற ஊரில் தன் முதல் மெக்டொனால்ட்ஸ் கடையைத் திறந்தார். கலிபோர்னியாவில் மெக்டொனால்ட்ஸை முதலில் தொடங்கிய மெக்டொனால்ட் சகோதரர்கள் செய்த அதே முறைப்படிதான் வறுத்தார். ருசி மட்டும் வரவில்லை. விசாரித்ததில் காரணம் புலப்பட்டது. சகோதரர்கள் கிழங்கைக் கம்பிவலை அடித்த திறந்த தொட்டிகளில் வெளியே வைத்திருந்தார்கள். பாலைவனக் காற்று பட்டுப் பட்டு அது பக்குவமாகியிருந்தது. கிராக் தன் கடையின் நிலவறையில் மின்விசிறி வைத்துக் கிழங்கின்மேல் காற்றை ஓடவிட்டார். ருசி வந்துவிட்டது.

கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். ஏழெட்டு டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இது வேகமாக நடக்கும். சர்க்கரை ஏறிய கிழங்கை எண்ணெயில் போட்டால், உள்ளே வேகும் முன்பே வெளியே கருஞ்சிவப்பாகிக் கசக்கும். இதோடு இன்னொரு சங்கதியும் சேர்ந்திருக்கிறது. அதிக வெப்பத்தில் அந்தச் சர்க்கரையும் கிழங்கிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் அக்ரிலமைடு உண்டாகிறது. உணவில் இது இருப்பதை 2002-ல் சுவீடன் நாட்டவர் வெளியிட்டார்கள். ஆகவே வறுக்க வேண்டிய கிழங்கை வீட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். கருஞ்சிவப்பாக ஆகவிடாமல் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது கிழங்கின் ரகம். அமெரிக்காவில் ரசெட் பர்பாங்க் பேர்பெற்றது. நீளமாக இருக்கும், தண்ணீர் குறைவு, மாவு அதிகம். நம் நாட்டில் குஜராத்தில் இதற்கென்றே கிழங்கு விளைவித்து, மெஹ்சானா பக்கத்து ஆலையில் வெட்டி உறையவைக்கிறார்கள். வறுவலுக்கென்று உருவாக்கிய குஃப்ரி ஃப்ரைசோனா என்ற இந்திய ரகமும் உண்டு. சந்தையில் வாங்கிய கிழங்கு மாவுக்கிழங்குதானா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. பதினொரு கப் தண்ணீரில் ஒரு கப் தூள் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவு அதிகம், வறுக்கலாம். மிதந்தால் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு வரும் ஃப்ரைஸ் ஏற்கெனவே ஒருமுறை எண்ணெய் கண்டதுதான். ஆலையிலேயே வெந்நீரில் லேசாக வேகவைத்து, மேல் ஈரத்தை உலர்த்தி, அரைகுறையாகப் பொரித்து, உறையவைத்து அனுப்புகிறார்கள். வெந்நீரில் அதிகப்படிச் சர்க்கரை கரைந்து போய்விடும். கடையில் நடப்பது இரண்டாவது பொரிப்பு: ஏறக்குறைய 170 டிகிரி சூட்டில் மூன்று நிமிடம். இந்த இரட்டைப் பொரிப்பால்தான் மேலே மொறுமொறுப்பும் உள்ளே மாவுப்பதமும் கிடைக்கின்றன.

கெட்டுப்போவதும் பெரும்பாலும் இந்த மூன்று நிமிடத்தில்தான். கூட்டம் நெருக்கும்போது கூடையில் பாதிக்கு மேல் அள்ளிப் போட்டுவிடுவார்கள். உறைந்த கிழங்கு எண்ணெயின் சூட்டை இழுத்துக்கொள்ளும். சூடு இறங்கினால் மேல் ஓடு கட்டத் தாமதமாகும், வேக அதிக நேரமாகும், கிழங்கு பிசுபிசுத்துப் போகும். கிழங்கு அதிகமாக எண்ணெய் குடிப்பது கூடையை வெளியே எடுத்த பிறகுதான். உள்ளே இருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்கும்போது, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கும். அதனால் தூக்கிய உடனே கூடையை நன்றாக உதறி, பத்து விநாடியாவது வடியவிட வேண்டும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

உப்பைப் பொரித்த பிறகு, எண்ணெய்த் தொட்டிக்கு மேலே அல்லாமல் தள்ளி வைத்துத் தூவ வேண்டும். உப்பும் கிழங்குத் துகளும் விழுந்தால் எண்ணெய் சீக்கிரம் கெடும். எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வதால் அதில் சேரும் சிதைவுப் பொருள்கள், அதாவது மொத்த போலார் சேர்மங்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. உங்களிடம் அளக்கும் கருவி இருக்காது, மூக்கு இருக்கிறது. ஃப்ரைஸில் மீன்வாடையோ காறல் வாடையோ அடித்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

எண்ணெய் என்றதும் சைவ உணவுக்காரர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று. அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் 1990 வரை மாட்டுக் கொழுப்பு கலந்துதான் வறுத்தது. பிறகு தாவர எண்ணெய்க்கு மாறினாலும், ஆலையில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்த்து வந்தது. இது தெரியவந்ததும் அங்குள்ள இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 2002-ல் ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அங்கே அந்தச் சுவையூட்டி பின்னரும் தொடர்ந்தது. 1996-ல் இந்தியாவுக்கு வந்த மெக்டொனால்ட்ஸ் இங்கே மாட்டிறைச்சியே விற்பதில்லை. ஆகவே வெளிநாடு போகும் சைவ உணவுக்காரர்கள், ஊரில் சாப்பிட்டதுதானே என்று நினைத்து வாங்க வேண்டாம். எந்த நாடானாலும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பொரித்து உப்பிட்டு விளக்குச் சூட்டில் வைத்த ஃப்ரைஸுக்கு ஆயுள் ஏழு நிமிடம். அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வந்து மேல் ஓட்டை நனைத்துவிடும். நல்ல கடையில் நேரம் கடந்ததை அப்புறப்படுத்திவிடுவார்கள். உப்பு வேண்டாம் என்றால் புதிதாகப் போட்டுத் தருவார்கள் என்று சிலர் ஒரு உத்தி சொல்வார்கள். அது தேவையே இல்லை. "புதுசா போட்டுத் தாங்க, மூணு நிமிஷம் காத்திருக்கேன்" என்று நேராகக் கேளுங்கள். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அந்த உரிமை உண்டு.

இதனாலேயே ஃப்ரைஸைப் பார்சல் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூடிய பைக்குள் நீராவி நின்று, அரை மணிப் பயணத்தில் தொய்ந்துவிடும். வாங்கியே ஆக வேண்டுமானால் பையின் வாயைத் திறந்தே வைத்திருங்கள், குளிர்பானத்தோடு சேர்த்துக் கட்டவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும். காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, நடுத்தரத் தீயில் மூன்று நான்கு நிமிடம் புரட்டுங்கள். மூடி போடக் கூடாது. கெச்சப்பை மேலே ஊற்றாமல் ஓரமாக வைத்துத் தொட்டுக்கொள்ளுங்கள்.