வரைபடத்தில் இருக்கும் கோட்டுக்குச் சமன்பாடு எழுதுவது எப்படி?

[திரை: வரைபடத்தாளில் ஒரு நேர்க்கோடு. எக்ஸ் அச்சில் செல்சியஸ், ஒய் அச்சில் ஃபாரன்ஹீட்.]

சமன்பாட்டைக் கொடுத்து கோடு வரையச் சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் வரைந்துவிடுவார்கள். கோட்டைக் கொடுத்து சமன்பாடு கேட்டால்தான் தயங்குவார்கள். இன்று அதைப் பார்ப்போம். நமக்கு இந்த வெப்பநிலைக் கோடு போதும்.

[திரை: ஒய் = எம் எக்ஸ் + சி]

கண்டுபிடிக்க வேண்டியது இரண்டே எண்கள். எம் என்பது சாய்வு, அதாவது எக்ஸ் 1 கூடும்போது ஒய் எவ்வளவு மாறுகிறது என்பது. சி என்பது ஒய் வெட்டுத்துண்டு, அதாவது கோடு ஒய் அச்சை எந்த எண்ணில் வெட்டுகிறது என்பது.

முதலில் சி-யைப் பார்த்து எழுதிவிடலாம் என்றுதான் தோன்றும். சரி, பாருங்கள். 20-க்கும் 40-க்கும் நடுவில் எங்கேயோ வெட்டுகிறது. 30-ஆ, 32-ஆ, 33-ஆ? கண்ணால் சொல்ல முடியாது. ஊகித்து எழுத வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள். கணக்கே அதைச் சொல்லும்.

[திரை: கோட்டின் மேல் இரண்டு புள்ளிகள் ஒளிர்கின்றன.]

அதற்குப் பதிலாக, கட்டத்தின் மூலையில் கோடு துல்லியமாகப் போகும் இடங்களைத் தேடுங்கள். இந்தப் படத்தில் அப்படி இரண்டு இடங்கள்தான் இருக்கின்றன. வலப்பக்கம் மேலே (60, 140). இடப்பக்கம் கீழே (−40, −40). ஆமாம், மைனஸ் 40-இல் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டும்! புள்ளிகள் இப்படித் தள்ளித் தள்ளி இருப்பதும் நல்லது. படிப்பதில் சின்னப் பிசகு வந்தாலும் சாய்வு அதிகம் மாறாது.

இனி சாய்வு. இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள், மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கீழ்ப் புள்ளியிலிருந்து மேல் புள்ளிக்குக் கட்டங்களை எண்ணினால் வலப்பக்கம் 10, மேலே 9. உடனே 9/10 என்று எழுதினால் தப்பு. அச்சுகளில் உள்ள எண்களைப் பாருங்கள். எக்ஸ் அச்சில் ஒரு கட்டம் 10 டிகிரி, ஒய் அச்சில் ஒரு கட்டம் 20 டிகிரி. இரண்டும் ஒரே அளவு இல்லையே! எண்ண வேண்டியது கட்டங்களை இல்லை, மதிப்புகளை.

[திரை: எம் = (140 − (−40)) / (60 − (−40)) = 180/100 = 1.8]

மைனஸைக் கழிக்கும்போது கூட்டலாக மாறுவதைக் கவனித்தீர்களா? சாய்வு 1.8. செல்சியஸ் 1 டிகிரி ஏறினால் ஃபாரன்ஹீட் 1.8 டிகிரி ஏறும் என்பதுதான் அதன் பொருள்.

அப்புறம் சி. (60, 140) புள்ளியைச் சமன்பாட்டில் போடுவோம்.

[திரை: 140 = 1.8 × 60 + சி; 140 = 108 + சி; சி = 32]

கண்ணுக்குப் பிடிபடாத எண் 32. தண்ணீர் உறையும் வெப்பநிலை, 0 செல்சியஸுக்கு நேரான ஃபாரன்ஹீட்.

[திரை: ஒய் = 1.8 எக்ஸ் + 32]

சரிபார்க்காமல் விடாதீர்கள். உடல் வெப்பம் 37 செல்சியஸ். 1.8 × 37 = 66.6. அதோடு 32 சேர்த்தால் 98.6. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் பழகிய அதே எண்!

கோடு இடமிருந்து வலமாக இறங்கினால் சாய்வு மைனஸில் வரும், வழி இதேதான். நெட்டுக்குத்தாக நிற்கும் கோட்டுக்கு மட்டும் இந்த வழி ஒத்துவராது. எக்ஸ் மாறாததால் சாய்வுப் பின்னத்தின் பகுதியில் பூச்சியம் வந்துவிடும், சாய்வே கிடையாது. அது எக்ஸ் அச்சை 5-இல் வெட்டினால், எக்ஸ் = 5 என்று எழுதினால் போதும்.