கசாலே 1914: வாத்தியாரும் பையன்களும் வென்ற இத்தாலி

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இத்தாலியில் கால்பந்து சாம்பியன் பட்டம் வென்ற ஊர்களைச் சொல்லுங்கள் என்றால், இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் மிலான், ட்யூரின், ரோம், நேப்பிள்ஸ் என்று கடகடவென ஒப்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பழைய கதை தெரிந்தவர்கள் ஜெனோவாவையும் சேர்ப்பார்கள். கசாலே மொன்ஃபெரத்தோ என்ற பெயர் அநேகமாக யார் வாயிலும் வராது. ஆனால் 1914இல் இத்தாலியின் சாம்பியன் அந்த ஊர்தான். இன்றைக்கும் அதன் மக்கள்தொகை முப்பதாயிரத்துச் சொச்சம். நம் ஊரில் ஒரு சிறிய நகராட்சி அளவு.

வடமேற்கு இத்தாலியில், பியெட்மான்ட் பகுதியில், போ ஆற்றங்கரையில் இருக்கிறது கசாலே. சுற்றிலும் திராட்சைத் தோட்டக் குன்றுகள். அந்தக் குன்றுகளின் மண் சிமென்டுக்கு ஏற்ற மண் என்பதால் ஊரைச் சுற்றி சிமென்டு ஆலைகள் முளைத்தன. 1907இல் கல்நார் கலந்த சிமென்டுத் தகடு செய்யும் ஆலை ஒன்றும் அங்கே வந்தது. அந்தத் தூசி பின்னால் எத்தனை குடும்பங்களைக் காவு வாங்கியது என்பது தனிக் கதை, இன்றைக்கு அதற்குள் போனால் திரும்ப முடியாது. இன்னொன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1595இல் கட்டிய யூத ஜெபக்கூடம் ஒன்று இந்த ஊரில் உண்டு. இன்றும் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக யூதக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் இது.

கசாலேவின் கதையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் பக்கத்து ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, நெல்வயல்களுக்கு நடுவே வெர்ச்செல்லி என்று ஓர் ஊர். அதுவும் சின்ன ஊர்தான். அங்கே ஓர் உடற்பயிற்சிக் கழகத்தில் கிளைத்த அணிதான் ப்ரோ வெர்ச்செல்லி. 1908, 1909, 1911, 1912, 1913 என்று ஐந்து முறை பட்டம் அவர்களுக்கு. நடுவில் 1910இல் ஏன் விட்டுப்போனது? அது ரொம்ப சுவையான கதை. அந்த ஆண்டு அவர்களும் மிலான் நகரத்து இன்டர் அணியும் சம புள்ளிகளில் நின்றார்கள். முடிவாட்டத்துக்குக் குறித்த தேதியில் வெர்ச்செல்லிக்காரர்கள் சிலருக்கு ராணுவப் போட்டி ஒன்றில் ஆட வேண்டியிருந்தது. தேதியை மாற்றிக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. வந்த கோபத்தில் சிறுவர்கள் அணியைக் களத்தில் இறக்கிவிட்டார்கள். இன்டர் 10, வெர்ச்செல்லி 3. இந்த அழகில்தான் இன்டருக்கு முதல் பட்டம் கிடைத்தது! அந்தப் பையன்கள் எப்படியோ மூன்று கோல் போட்டார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

வெர்ச்செல்லியின் செல்வாக்குக்கு இன்னொரு சான்று: 1913 மே 1ஆம் தேதி இத்தாலிய தேசிய அணி பெல்ஜியத்துடன் ஆடியபோது களத்தில் இறங்கிய 11 பேரில் 9 பேர் அந்த ஒரே கிளப்பைச் சேர்ந்தவர்கள்.

இப்படிப்பட்ட பங்காளி பக்கத்தில் இருந்தால் யாருக்குத்தான் சும்மா இருக்க முடியும்? கசாலேவில் ரஃபேலே யாஃபே என்று ஓர் ஆசிரியர் இருந்தார். அறிவியல் படித்தவர், லெயார்தி தொழில்நுட்பப் பள்ளியில் பாடம் நடத்தியவர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பக்கத்தில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு மாணவர்கள் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள், அங்கே வெர்ச்செல்லியின் பெயரைச் சொல்லிக் கூட்டம் போட்ட கூச்சலைக் கேட்டதும் நமக்கும் ஓர் அணி வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது என்று சொல்வார்கள். 1909 டிசம்பரில் கிளப் பிறந்தது. ஆட்டக்காரர்கள் அவருடைய மாணவர்களும் ஊர்ப் பையன்களும்தான். வெர்ச்செல்லியின் சட்டை வெள்ளை. அப்படியானால் நமக்குக் கருப்பு! கருப்புச் சட்டை, நெஞ்சில் வெள்ளை நட்சத்திரம். வீம்பை இதைவிட வெளிப்படையாகக் காட்ட முடியாது.

1911இலேயே நாட்டின் முதல் பிரிவில் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இத்தாலி அணியில் கசாலேப் பையன் ஒருவன், லூயிஜி பார்பெசினோ. வயது 18.

அந்தக் காலத்து ஆட்டத்தை இன்றைய டிவி ஆட்டத்தை மனதில் வைத்துக் கற்பனை செய்யாதீர்கள். பின்னால் இரண்டு பேக், நடுவில் மூன்று ஹாஃப், முன்னால் ஐந்து ஃபார்வர்டு. ஆஃப்சைடு விதி வேறு: பந்து வரும்போது உங்களுக்கும் கோலுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். 1925இல்தான் அது இரண்டு பேர் என்று ஆனது. 1912 வரை கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுக்கப் பந்தைக் கையால் தொடலாம்! மாற்று ஆட்டக்காரர் கிடையாது. ஒருவன் கால் உடைந்து போனால் மீதிப் பத்துப் பேர் ஆட வேண்டும். பந்து தோல் பந்து, வாயை ஷூ கட்டுவதுபோல நாடாவால் இறுக்கியிருப்பார்கள். மழையில் நனைந்தால் கனக்கும். அந்த நாடா முடிச்சு நெற்றியில் படும்படி தலையால் முட்டியவன் அடுத்த முறை கொஞ்சம் யோசிப்பான்.

சரி, கசாலேவுக்கு வருவோம். 1913 மே மாதம் இங்கிலாந்திலிருந்து ரெடிங் அணி இத்தாலிக்குச் சுற்றுப்பயணம் வந்தது. சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறைக்காரர்கள். ஜெனோவா கிளப்பை 4-2, மிலானை 5-0, ப்ரோ வெர்ச்செல்லியை 6-0, கடைசியில் இத்தாலிய தேசிய அணியையே 2-0 என்று வென்றார்கள். அந்தப் பயணத்தில் அவர்கள் தோற்றது ஒரே ஓர் ஆட்டத்தில். கசாலே 2, ரெடிங் 1. ஆங்கிலேயத் தொழில்முறை அணி ஒன்றை ஓர் இத்தாலியக் கிளப் வென்றது அதுவே முதல் தடவை. பயணக் களைப்பு, அடுத்தடுத்து ஆட்டங்கள் என்று ரெடிங் பக்கம் நியாயம் பேசலாம். பேசட்டும். அதே களைப்போடுதான் வெர்ச்செல்லிக்கு ஆறு கோல் போட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் மோகன் பகான் ஆங்கிலேய ராணுவ அணியைத் தோற்கடித்ததும் இதே 2-1 கணக்கில்தான் என்பது இங்கே சிலருக்கு நினைவு வரலாம். கசாலேயை அடிமை நாட்டோடு ஒப்பிட முடியாது. ஆனால் இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவனையே ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பு இரண்டு ஊரிலும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

இனி அந்த 1913-14 பருவம். எதிரே யார் யார் என்று பார்த்தால்தான் அந்தப் பட்டத்தின் எடை தெரியும்.

முதலில் ஜெனோவா. துறைமுக நகரம், பணக்கார ஊர். 1912இலேயே வில்லியம் கார்பட் என்ற ஆங்கிலேயரைப் பயிற்சியாளராக வைத்திருந்தார்கள். விதிப்படி அப்போது யாரும் காசுக்கு ஆடக் கூடாது. ஆனால் ஜெனோவா தன் ஊரிலேயே இருந்த ஆந்த்ரேயா டோரியா கிளப்பிலிருந்து இருவரைக் காசு கொடுத்து இழுத்தது. அவர்கள் காசோலையை மாற்ற வங்கிக்குப் போனார்கள். கவுன்டருக்குப் பின்னால் இருந்த ஊழியர் டோரியாவின் ரசிகர்! அப்புறம் என்ன, விஷயம் வெளியே வந்து தண்டனை வரை போனது. அதே 1913இல் மிலான் அணியின் ரென்சோ டி வெக்கி என்ற இளம் பேக்கை 24,000 லிரா கொடுத்து ஜெனோவா அழைத்துக்கொண்டது. கூடவே வங்கியில் ஒரு வேலை. நம் ஊரிலும் வங்கி அணி, ரயில்வே அணி என்று வேலை கொடுத்து ஆட்டக்காரர்களை எடுப்பது பழக்கம்தானே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

யுவென்டஸ் நிலைமை அப்போது பரிதாபம். முந்தைய பருவத்தில் பியெட்மான்ட் வட்டாரப் பிரிவில் கடைசி இடம். நியாயமாகக் கீழ்ப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும். பக்கத்து லொம்பார்டி வட்டாரப் பிரிவில் இடம் பிடித்துக்கொண்டு தப்பித்தார்கள். அங்கே நன்றாக ஆடி மேலே வந்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வடக்கின் இறுதிச் சுற்றில் 6 அணிகள்: கசாலே, ஜெனோவா, இன்டர், யுவென்டஸ், வெரோனா, விசென்சா. ஐந்து முறை சாம்பியனான வெர்ச்செல்லி அதில் இல்லை. கசாலேயில் அன்றைக்கு எத்தனை வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்திருப்பார்களோ. சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று எல்லோரும் எல்லோரோடும் ஆடினார்கள். முடிவில் கசாலே முதலிடம், ஜெனோவா இரண்டாமிடம். என்னைக் கேட்டால் பட்டம் அங்கேயே முடிவாகிவிட்டது. காசோலை எழுதிய கிளப் ஒரு பக்கம், கரும்பலகையில் பாடம் நடத்திய வாத்தியார் சேர்த்த அணி மறுபக்கம். அஞ்செலோ மத்தேயா, அமெடியோ வாரேசே, பார்பெசினோ என்று அந்த அணியிலிருந்து தேசிய அணிக்கும் ஆட்கள் போனார்கள்.

மிச்சம் இருந்தது தென்பகுதி சாம்பியனோடு ஆடும் நாட்டு இறுதி. எதிரி ரோம் நகரத்து லாசியோ. வடக்குக்கும் தெற்குக்கும் அப்போது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முந்தைய ஆண்டு இறுதியில் வெர்ச்செல்லி இதே லாசியோவை 6-0 என்று வென்றிருந்தது. 1914 ஜூலை 5ஆம் தேதி கசாலேயில் முதல் ஆட்டம், 7-1. ஜூலை 12ஆம் தேதி ரோமில் இரண்டாவது, 2-0. கிளப் தொடங்கி ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை.

தேதிகளைக் கவனித்தீர்களா? சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது ஜூன் 28. ஒரு வாரம் கழித்து முதல் ஆட்டம். ரோம் ஆட்டம் முடிந்து 16 நாளில், ஜூலை 28ஆம் தேதி, ஆஸ்திரியா செர்பியா மீது போர் தொடுத்தது. அடுத்த ஆண்டு மே மாதம் இத்தாலியும் போரில் இறங்க, அந்தப் பருவத்தின் ஆட்டங்கள் பாதியில் நின்றன. இறுதிச் சுற்றில் கசாலேயின் எதிரணியான இன்டருக்குக் கேப்டன் விர்ஜிலியோ ஃபொசாத்தி. 1916இல் போர்முனையில் இறந்தார். கசாலேயின் பழைய சாம்பியன்களுக்கு இன்னொரு பட்டம் கிடைக்கவே இல்லை.

போர் முடிந்து வந்தபோது காசு வெளிப்படையாகவே ஆட ஆரம்பித்திருந்தது. 1923இல் வெர்ச்செல்லியின் ரொசெட்டா என்ற ஆட்டக்காரரை யுவென்டஸ் பெரும் தொகை கொடுத்து எடுத்தபோது நாடே சண்டை போட்டது. பிறகு சண்டை போடுவதையும் விட்டுவிட்டார்கள். கசாலேயும் நல்ல பேக்குகளை உருவாக்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மொன்செல்யோ போலோன்யாவுக்குப் போனார், கலிகாரிஸ் யுவென்டசுக்குப் போனார். மொன்செல்யோ 1934, 1938 என்று இரண்டு உலகக் கோப்பை வென்ற அணிகளில் இருந்தவர். அவர் முதல் உலகக் கோப்பை வென்ற அதே 1934இல் கசாலே முதல் பிரிவிலிருந்து இறங்கியது. இன்றுவரை ஏறவில்லை.

வாத்தியார் யாஃபே என்ன ஆனார்? பின்னாளில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தார். மனைவி கத்தோலிக்கர், 1937இல் இவரும் கத்தோலிக்கராக மாறினார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. 1938இல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்கள் பிறப்பைத்தான் பார்த்தன. 1944இல் அவரைக் கைது செய்து ஃபொசோலி முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ரயிலில் அவுஷ்விட்ஸ். ஆகஸ்டு மாதம் அங்கே கொல்லப்பட்டார். வயது 66. ஒலிம்பிக் பையன் பார்பெசினோ, பின்னாளில் ரோமா அணியின் பயிற்சியாளராகி 1936இல் அதை இரண்டாமிடம் வரை கொண்டுபோனவர், 1941இல் விமானப்படை அதிகாரியாகப் போரில் மாண்டார். ஒருவர் அந்த அரசின் சீருடையில் செத்தார், இன்னொருவரை அந்த அரசே பிடித்துக் கொடுத்தது. ஒரே கிளப்.

முன்வரிசையில் ஐயா ஒருவர் கேட்கிறார்: இதே மாதிரி இன்னொரு சின்ன ஊர் வென்றிருக்கிறதா? ஒன்று உண்டு. 1922இல் நோவெசே, நோவி லிகுரே என்ற ஊரின் அணி. 1919இல்தான் தொடங்கினார்கள். இறுதியில் சாம்பியர்தரேனேசே அணியோடு இரண்டு ஆட்டம் கோலே விழாமல் போய், மூன்றாவதில் 2-1 என்று ஜெயித்தார்கள். ஆனால் அந்த வருஷம் பெரிய கிளப்புகள் நாட்டின் கால்பந்து சங்கத்தோடு சண்டை போட்டுப் பிரிந்துபோய்த் தனிப் போட்டி நடத்தின. அதை வென்றது நம் பழைய வெர்ச்செல்லி. நோவெசேயைக் குறைத்துச் சொல்லவில்லை, எதிரே நின்றவர்களைத்தான் அவர்கள் ஜெயிக்க முடியும். ஆனால் கசாலே ஜெயித்தபோது ஜெனோவா, இன்டர், யுவென்டஸ் எல்லோரும் களத்தில் இருந்தார்கள். அதனால் என் ஓட்டு கசாலேவுக்குத்தான், ஐயா. அடுத்த கேள்வி யாருடையது?